பி. டி. உஷாவின் கணக்கில் லாஸ் ஏஞ்சல்ஸ் மட்டும்தானா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு கேள்வி. உங்கள் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டியில் பி. டி. உஷாவைப் பற்றிப் பேசப்போகிறாள். கஞ்சி குடித்துவிட்டு ஓடியதால்தான் 1984 ஒலிம்பிக்கில் பதக்கம் கைநழுவியது என்று படித்திருக்கிறீர்கள், அது உண்மையா என்பது ஒன்று. "ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம்கூட வாங்காதவரை முன்னோடி என்று எதற்குத் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள்" என்று வீட்டுக்கு வந்த உறவினர் கேட்டாரே, அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: அந்த ஒரு ஓட்டத்தை ஓரமாக வைத்துவிட்டால் உஷாவின் கணக்கில் என்ன மிஞ்சும்? நிறையவே மிஞ்சும் என்பது என் பதில். சொல்லப்போனால், அந்த ஒரு ஓட்டத்தின் சோகக் கதைதான் மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பது என் தொழில். 400 மீட்டரும் 400 மீட்டர் ஹர்டில்ஸும் (அதாவது தடை தாண்டும் ஓட்டமும்) என் பிழைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே டிராக்கில் நடந்ததைப் பற்றி ஓரளவு தைரியமாகப் பேசுவேன். சாப்பாடு, மருத்துவம் என்று வரும்போது என் பேச்சை அதற்குரிய அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யாரும் மறுக்க முடியாததைச் சொல்லிவிடுகிறேன். 1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுதான் முதல் தடவை. ஆண்கள் 1900 முதலே இதை ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு 84 ஆண்டுகள் பிந்தி வந்தது. முதல் சுற்றில் உஷா எடுத்த நேரம் 56.81 விநாடி. அரையிறுதியில் 55.54. இறுதியில் 55.42. சுற்றுக்குச் சுற்று நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார் பாருங்கள், பெரிய போட்டியில் பதறுகிறவர்களுக்கு இப்படி அமையாது. மொராக்கோவின் நவால் எல் முதவாக்கில் 54.61-இல் தங்கம், அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20-இல் வெள்ளி, ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41-இல் வெண்கலம். உஷா நான்காவது, வெண்கலத்துக்கு நூறில் ஒரு பங்கு விநாடி பிந்தி. அப்போது அவருக்கு வயது 20.

இந்த நூறில் ஒரு பங்கு விநாடி என்பதைச் சற்று நெருங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். 400 மீட்டரை 55.42 விநாடியில் ஓடினால் சராசரி வேகம் விநாடிக்கு 7.2 மீட்டர். கடைசி நேர்கோட்டில் கால் கனத்துப்போய் வேகம் இன்னும் குறைந்திருக்கும். நூறில் ஒரு பங்கில் கடக்கும் தூரம் ஏழு சென்டிமீட்டர்கூடத் தேறாது. பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. கோட்டைக் கடக்கும் கணத்தைப் படமெடுக்கும் ஃபோட்டோ ஃபினிஷ் கருவி ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரித்துக் காட்டும். ஆனால் அறிவிக்கும்போது அடுத்த நூறில் ஒரு பங்குக்கு ஏற்றித்தான் எழுதுவார்கள். 55.401 ஆனாலும் 55.409 ஆனாலும் பலகையில் 55.41 என்றே வரும். எனவே 55.41-க்கும் 55.42-க்கும் நடுவே இருக்கும் உண்மையான இடைவெளி நூறில் ஒரு பங்கைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட இரண்டு பங்காகவும் இருக்கலாம். யார் முன்னே என்பதைத் தீர்மானிப்பது எண் அல்ல, படம்தான். அந்தப் படத்தில் தலையையும் கையையும் காலையும் கணக்கில் சேர்ப்பதில்லை. கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள உடம்பின் முன்விளிம்பு கோட்டைத் தொடும் கணம்தான் கணக்கு. அதனால்தான் மைதானத்தில் நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம்: "செஸ்ட்டைப் போடு, செஸ்ட்டைப் போடு!"

கடைசி ஹர்டிலைத் தாண்டிய பிறகு கோட்டுக்கு 40 மீட்டர் இருக்கும். முதல் ஹர்டிலுக்கு 45 மீட்டர், பிறகு ஒன்பது இடைவெளிகள், ஒவ்வொன்றும் 35 மீட்டர், மொத்தம் பத்து ஹர்டில். ஒவ்வொன்றின் உயரம் 76.2 சென்டிமீட்டர். பத்தாவதைத் தாண்டி இறங்கும் பெண்ணைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்: தோள் காதுவரை ஏறியிருக்கும், எட்டு வைப்பது குறுகியிருக்கும், முகவாய் மேலே தூக்கிக்கொள்ளும். உடம்பு பின்னால் சாய விரும்பும் அந்த நேரத்தில் நெஞ்சை முன்னால் தள்ளுவது இயல்பாக வருவதல்ல, பழக்கத்தில் வருவது. எத்தனையோ இறுதிப் போட்டிகளில் ஓடி, எத்தனையோ தடவை தோற்று, உடம்பில் ஏறும் பழக்கம் அது. கோட்டில் சரியான நேரத்தில் உடம்பைச் சாய்க்காமல் விட்டதை உஷாவே பேட்டிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் அதுவரை பெரும்பாலும் 100, 200 மீட்டர் ஓடியவர். 1983-இல் குவைத்தில் ஆசியத் தடகளப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வாங்கினார். ஹர்டில்ஸ் பக்கம் முழு மூச்சாகத் திரும்பியது ஒலிம்பிக்கில் அந்த நிகழ்வு சேர்க்கப்பட்ட பிறகுதான். அந்தப் பந்தயத்தில் அவரைவிட அனுபவம் குறைந்தவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்த இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் டெபி ஃபிளின்டாஃப் தவறாகப் புறப்பட்டார், எல்லோரையும் திரும்ப அழைத்து மறுபடி ஓடவிட்டார்கள். இது நடந்தது உறுதி. முதல் புறப்பாட்டில் உஷா நன்றாகக் கிளம்பினார், இரண்டாவதில் அந்தத் தாளம் வரவில்லை என்று அவர் தரப்பில் சொல்வார்கள். இதை நான் நம்புகிறேன். முழு வேகத்தில் கிளம்பிய உடம்பைப் பாதியில் நிறுத்தி, மறுபடி புறப்படும் கட்டைகளில் (பிளாக்ஸில்) குனிய வைத்தால் கொஞ்சம் சூடு இறங்கத்தான் செய்யும். ஆனால் எட்டுப் பேருக்கும் அதே கதிதானே. அதனால் பதக்கம் போயிற்று என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி கஞ்சி. ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அரிசிக் கஞ்சியும் கடுகு மாங்காய் ஊறுகாயுமாகக் காலம் தள்ளியதாகவும், சத்து போதாமல் கடைசி 35 மீட்டரில் தெம்பு குறைந்ததாகவும் சொன்னவர் உஷாதான். எனவே அது யாரோ கட்டிவிட்ட கதை அல்ல. ஆனால் "கஞ்சி குடித்தார்" என்பது வேறு, "கஞ்சியால் தோற்றார்" என்பது வேறு. முதலாவது அவருடைய சாட்சியம். இரண்டாவது ஒரு ஊகம். அதே கஞ்சியோடுதான் அரையிறுதியில் முதலாவதாக வந்தார், அதே கஞ்சியோடுதான் தன் வாழ்நாளின் சிறந்த நேரத்தையும் ஓடினார். நல்ல உணவு ஆலோசகர் ஒருவர் கூட இருந்திருந்தால் நேரம் இன்னும் இறங்கியிருக்குமா? இறங்கியிருக்கலாம். உங்கள் மகள் மேடையில் இதைச் சொல்வதானால், அணியோடு ஒரு உணவு ஆலோசகரைக்கூட அனுப்ப யோசிக்காத நிர்வாகத்தைப் பற்றிய தகவலாகச் சொல்லட்டும். தோல்விக்கான காரணமாகச் சொல்ல வேண்டாம்.

உறவினர் இன்னும் கிண்டிக் கேட்டால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த ஒலிம்பிக்கைச் சோவியத் யூனியனும் கிழக்கு ஜெர்மனியும் அவற்றின் கூட்டாளி நாடுகளும் புறக்கணித்தன; ருமேனியா மட்டும் விதிவிலக்காக வந்தது. 400 மீட்டர் ஹர்டில்ஸில் அந்தக் காலத்து வல்லமை முழுக்க அங்கேதான் இருந்தது. ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்னால், ஜூன் மாதம், சோவியத்தின் மார்கரீட்டா பொனமரியோவா கீவ் நகரில் 53.58 ஓடி உலக சாதனை வைத்திருந்தார். அவர்களெல்லாம் வந்திருந்தால் நான்காம் இடமே கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதற்காக உஷாவின் 55.42 ஒரு விநாடிகூடக் கூடிவிடாது. நேரம் நேரம்தான். எதிரே யார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதை ஓடியவர் அவர்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நிமிடத்துக்கும் குறைவான கதை. அவர் ஓடியது சுமார் இருபது ஆண்டு.

பிலாவுள்ளகண்டி தெக்கேபறம்பில் உஷா 1964 ஜூன் 27-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் பிறந்தவர். 1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென்று விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஓ. எம். நம்பியார், விமானப்படையிலிருந்து வந்தவர். ஒல்லியான அந்தச் சிறுமியின் வேகத்தைக் கண்டுகொண்டது அவர்தான். பய்யோலிக் கடற்கரை மணலில் ஓடவிட்ட கதையெல்லாம் பிரசித்தம். மணல் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை: கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் நல்லது, ஆனால் தரையைத் தொட்டு எழும் நேரம் நீளும், அதனால் வேக ஓட்டக்காரருக்கு அதையே முழுநேரப் பயிற்சியாக வைக்க மாட்டோம். நம்பியார் கைவசம் இருந்ததை வைத்துச் செய்தார். 1985-இல் துரோணாச்சாரியார் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது பெற்றவர்களில் அவரும் ஒருவர். பத்மஸ்ரீ வந்தது 2021-இல். அதே ஆண்டு காலமானார். 36 ஆண்டு இடைவெளி நமக்குக் கொஞ்சம் உறுத்த வேண்டும்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 16 வயதில் 100 மீட்டர் ஓடி முதல் சுற்றோடு திரும்பினார். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 100, 200 இரண்டிலும் வெள்ளி. 100 மீட்டரில் அவரைத் தோற்கடித்தவர் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா. இந்தப் பெயரை மகளிடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்பதுகளில் ஆசியாவின் வேகமான பெண் யார் என்பது இந்த இருவருக்கும் இடையே ஓயாமல் நடந்த வழக்கு.

இப்போது 1985-க்கு வாருங்கள். என்னைக் கேட்டால் உஷா யார் என்பதற்கு விடை லாஸ் ஏஞ்சல்ஸில் இல்லை, ஜகார்த்தாவில் இருக்கிறது. அங்கே நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 100, 200, 400, 400 ஹர்டில்ஸ், 4x400 தொடர் ஓட்டம் ஆகிய ஐந்திலும் தங்கம், 4x100 தொடர் ஓட்டத்தில் வெண்கலம். இந்தப் பட்டியலைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். 100 மீட்டர் என்பது பதினொன்றரை விநாடி வெடிப்பு. 400 மீட்டர் ஹர்டில்ஸ் என்பது அமிலம் ஏறிய தொடையோடு காலடிகளைக் கணக்கு வைத்து ஓடும் வேலை. இரண்டுக்கும் தேவைப்படும் தசை, பயிற்சி, ஏன், மனநிலையே வேறு. என்னிடம் வரும் பிள்ளையை 200-உம் 400-உம் சேர்த்து ஓடவைக்கவே நான் யோசிப்பேன். உஷா சில நாள்களுக்குள் சுற்றுகளும் இறுதிகளுமாக இவ்வளவையும் ஓடி, ஆசியாவின் சிறந்தவர்களைத் தனித்தனியாக அவரவர் நிகழ்விலேயே தோற்கடித்தார். அதே ஆண்டு கான்பெராவில் நடந்த உலகக் கோப்பையில் ஆசிய அணிக்காக 400 மீட்டரை 51.61-இல் ஓடினார்.

அடுத்த ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டு. 200 மீட்டர் 23.44, 400 மீட்டர் 52.16, ஹர்டில்ஸ் 56.08, மூன்றிலும் தங்கம். எம். டி. வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம் ஆகியோருடன் தொடர் ஓட்டத்திலும் தங்கம். 100 மீட்டரில் மட்டும் மறுபடி லிடியாவுக்குப் பின்னால் வெள்ளி. அந்தப் போட்டியில் இந்தியா முழுவதற்கும் கிடைத்த தங்கம் ஐந்து. நான்கில் உஷாவின் கால் இருக்கிறது. மீதி ஒன்று மல்யுத்தத்தில் கர்த்தார் சிங் வாங்கியது. உறவினருக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதைச் சொன்னால் போதும்.

சரி, இவ்வளவு திறமை உள்ளவர் ஹர்டில்ஸில் 55.42-ஐ ஏன் அதற்குப் பிறகு தாண்டவே இல்லை? இது எனக்குப் பல நாள் குடைந்த கேள்வி. இனி வருவது என் கணிப்பு, நிரூபிக்கப்பட்ட செய்தி அல்ல. 400 மீட்டர் ஹர்டில்ஸ் தனக்கென்று ஒரு ஆளையே கேட்கும். ஹர்டிலுக்கு ஹர்டில் எத்தனை காலடி, எந்த இடத்தில் எண்ணிக்கை கூடும், களைத்த பிறகு எந்தக் காலை முன்னால் வீசுவது என்று ஆண்டுக்கணக்கில் செதுக்க வேண்டும். காலடி எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒவ்வொரு ஹர்டிலுக்கும் அதே கால் வரும். ஒரு காலடி கூடினால் மறு காலால் தாண்டத் தெரிந்திருக்க வேண்டும். 20 வயதில் அந்த நேரத்தை ஓடியவர் அதை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தால் 54-க்குள் வந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். ஆனால் தங்க எண்ணிக்கைக்காக ஏங்கிக்கொண்டிருந்த நாட்டுக்கு ஐந்து நிகழ்விலும் ஜெயிக்கும் ஒருவர் கிடைத்தால் ஐந்திலும்தான் ஓடவைப்பார்கள். ஆசியாவில் அவர் அள்ளியதும், ஒலிம்பிக்கில் அவருக்கு எட்டாமல் போனதும் ஒரே முடிவின் இரண்டு விளைவுகள் என்பது என் எண்ணம். வேறு பயிற்சியாளர்கள் இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம்.

அதற்குப் பிறகு 1988 சியோல் ஒலிம்பிக்குக்குக் குதிகால் காயத்தோடு போனார். ஹர்டில்ஸ் முதல் சுற்றில் 59.55, அவ்வளவுதான். ஊர் அவரை வறுத்தெடுத்தது. மறு ஆண்டே தில்லியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வாங்கினார், வறுத்தவர்கள் அதைச் சத்தமில்லாமல் கடந்துபோனார்கள். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் மூன்று வெள்ளி. பிறகு திருமணம், மகன். 1998-இல், 34 வயதில், ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 200-இலும் 400-இலும் வெண்கலம், 4x100 தொடர் ஓட்டத்தில் தங்கம். அக்காலத்தில் குழந்தை பெற்ற ஓட்டக்காரி திரும்பி வருவதே அபூர்வம். வந்து ஆசியப் பதக்க மேடையில் ஏறியதை நாம் போதிய அளவு பேசவில்லை.

முன்னோடி என்ற பட்டத்தைக் கொடுக்கும்போது அவருக்கு முன்னால் நடந்தவர்களை விட்டுவிடக் கூடாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலேயே நீலிமா கோஷும் மேரி டிசோசாவும் இந்தியாவுக்காக ஓடியிருக்கிறார்கள். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வாங்கிய கமல்ஜித் சந்துதான் அந்தப் போட்டியில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண். 1982-இல் 400 மீட்டர் ஹர்டில்ஸில் தங்கம் வாங்கியவர் வல்சம்மா, உஷாவுக்கு முன்பே. ஒலிம்பிக் தடகளத்தில் இறுதிச் சுற்று வரை போன முதல் இந்தியப் பெண் என்ற இடம்தான் உஷாவுக்கே உரியது. அதே லாஸ் ஏஞ்சல்ஸில் ஷைனி 800 மீட்டரில் அரையிறுதிக்குப் போனார், உஷா, ஷைனி, வல்சம்மா, வந்தனா ராவ் நால்வரும் சேர்ந்து 4x400 தொடர் ஓட்டத்தில் இறுதிக்குள் நுழைந்து ஏழாவதாக வந்தார்கள். அந்த நேரம் 3 நிமிடம் 32.49 விநாடி. நூறில் ஒரு பங்குக்காக இன்றும் கண்ணீர் விடுகிற நாம் இந்த நால்வரை மறந்துவிட்டோம்.

இன்னொரு எச்சரிக்கை. உஷா நூற்றுக்கு மேல் சர்வதேசப் பதக்கங்கள் வாங்கியவர் என்று பல இடங்களில் எழுதியிருக்கும், எண்ணும் இடத்துக்கு இடம் மாறும். எந்தப் போட்டியைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் ஒற்றுமை இல்லாததால் மேடையில் அந்த எண்ணைத் தொட வேண்டாம். ஜகார்த்தாவும் சியோலும் போதும், அவற்றை யாரும் மறுக்க முடியாது. 2022-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானதும், அதே ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவரானதும் ஓட்டக்காரியின் கதையில் சேராது. அதை எடைபோட வேண்டியது வேறு தராசில். ஆனால் 2002-இல் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி இந்தக் கதையைச் சேர்ந்தது. அங்கே வளர்ந்த டின்டு லூகா 2010-இல் 800 மீட்டரை 1:59.17-இல் ஓடி ஷைனியின் தேசிய சாதனையை உடைத்தார், 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார்.

உஷாவின் 55.42 தேசிய சாதனையாக 39 ஆண்டு தனித்தே நின்றது. 2023 அக்டோபர் 2-ஆம் தேதி ஹாங்சோ ஆசிய விளையாட்டின் முதல் சுற்றில் அதை எட்டிப் பிடித்தவர் நம் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ். அவருடைய நேரமும் அதே 55.42. மறுநாள் இறுதியில் 55.68 ஓடி வெண்கலம் வாங்கினார். சாதனையைச் சமன் செய்த ஓட்டமும் பதக்க ஓட்டமும் வேறு வேறு. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருப்பார்கள், நடுவர்களில் ஒரு விளையாட்டு ஆசிரியர் இருந்தால் அங்கேதான் பிடிப்பார்.